தமிழ்நாட்டுக் குடும்பங்களும் இணைய வாய்ப்பும் (1995–2021): இடம்சார் வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995இல் தொடங்கியது. அடுத்த கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இணையம் ஊர்ப் பொதுமையம், கடைவீதி, வீடு, கை என நான்கு இடங்களுக்குப் பெயர்ந்தது. இப்பெயர்ச்சி தனிமனித விடுதலையை நோக்கிய நேர்க்கோட்டு வளர்ச்சியாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. இக்கட்டுரை அவ்விளக்கத்தை மறு ஆய்வு செய்கிறது. ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் இணைய வாயிலைக் காப்பவர் மாறினார் என்பதும், கருவி தனியுடைமையாகச் சுருங்கியபோது காவற்பொறுப்பு ஊரிடமிருந்தும் கடைக்காரரிடமிருந்தும் குடும்பத்தின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதும், அதன் விளைவைப் பெண்களே மிகுதியாக எதிர்கொண்டனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். கல்வி, திருமணம், தொழில் ஆகிய துறைகளிலிருந்து இதற்குச் சான்றுகள் தரப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: இணைய அணுக்கம், குடும்பம், பாலின இடைவெளி, கிராமத் தகவல் மையம், உலாவு மையம், மடிக்கணினி, திறன்பேசி.

முன்னுரை

இணையமும் சமூகமும் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு தளங்களில் நிகழ்ந்துள்ளன. எழுத்துருக் குறியேற்றம், விசைப்பலகை, மின்னூலாக்கம் முதலியவற்றை ஆராயும் தமிழ்க் கணிமை வரலாறு ஒரு தளம். வலைப்பதிவு, சமூக ஊடகம் ஆகியவற்றில் உருவான இலக்கியத்தையும் கருத்தாடலையும் ஆராய்வது மற்றொரு தளம். இவ்விரண்டும் இணையத்தின் உள்ளடக்கத்தையோ நுட்பத்தையோ மையமாகக் கொண்டவை. இணையம் எந்த இடத்தில் இருந்தது, அவ்விடத்திற்கு யார் செல்ல முடிந்தது, செல்வதற்கு யாரிடம் இசைவு பெற வேண்டியிருந்தது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினாக்கள் எளியவை போலத் தோன்றினாலும், தனிமனிதரின் வாய்ப்பை அளவிடுவதற்கு இவையே அடிப்படையானவை. கல்லூரிச் சேர்க்கை, வேலைக்கான விண்ணப்பம், உதவித்தொகை, வங்கிக் கணக்கு ஆகிய யாவும் இணையவழியாக நிகழும் சூழலில், இணையத்தை அணுகும் உரிமை பிற உரிமைகளுக்கு முன்நிபந்தனையாகிறது. அவ்வுரிமையை அரசோ நிறுவனமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டின் உள்ளே நிலவும் வயது, பால், உறவுமுறை சார்ந்த ஒழுங்குகளும் அதனைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டையும் தமிழ் வழங்கும் புதுச்சேரிப் பகுதியையும் களமாகக் கொண்டு, 1995 முதல் 2021 வரையிலான காலத்தில் இவ்வொழுங்குகளும் இணையத்தின் இடமும் ஒன்றையொன்று பாதித்த முறையை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது.

இணையத்திற்கு முந்தைய நிலை

இணையம் வருவதற்கு முன்பும் தொலைத்தொடர்பு குடும்பத்தின் பொதுச்சொத்தாகவே இருந்தது. வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குச் சென்றவர் எழுதிய கடிதம் ஒருவர் பெயருக்கு வந்தாலும் வீட்டார் அனைவர்க்கும் உரியதாகவே கருதப்பட்டது. எழுத்தறியாத தாய்க்கு அதனைப் பிள்ளையோ அண்டை வீட்டாரோ படித்துக் காட்டினர். மனைவிக்கு மட்டும் உரிய செய்தியைக் கடிதத்தில் எழுதுவது அரிதாயிற்று. ஒலிநாடாவில் குரலைப் பதிந்து அனுப்பும் வழக்கம் தோன்றிய பின்னரும் அந்நாடா கூடத்தில் எல்லோரும் கேட்கவே ஓடியது.

தொலைபேசியும் இவ்வாறே அமைந்தது. 1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர், எஸ்.டி.டி. வசதியுடைய பொதுத் தொலைபேசிக் கூடங்கள் சிற்றூர்களிலும் பரவின. வீட்டில் தொலைபேசி இல்லாதோர் அண்டை வீட்டாரின் எண்ணைத் தம் முகவரியோடு 'பி.பி.' என்னும் குறிப்புடன் அளித்தனர். அழைப்பு வந்ததும் அண்டை வீட்டுப் பிள்ளை ஓடிவந்து சொல்ல, உரியவர் அங்குச் சென்று பேசினார். பேச்சு முழுவதும் பிறர் செவிப்படவே நிகழ்ந்தது. தனிமை என்பது தொலைத்தொடர்பின் இயல்பாக அக்காலத்தில் கருதப்படவில்லை என்பதை இவ்வழக்கங்கள் காட்டுகின்றன. இணையம் நுழைந்தது இத்தகைய பகிர்வுப் பண்பாட்டினுள்தான்.

ஊர்ப் பொதுவில் இணையம்

விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் சேவை பெற்ற பெருநகரங்களுள் சென்னையும் ஒன்று. தொலைபேசி இணைப்பு, கணினி, மோடம், உயர்ந்த கட்டணம் ஆகிய நான்கும் தேவைப்பட்டமையால் அது நகரின் உயர் வருவாய்க் குடும்பங்களுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே எட்டியது.

ஊரகத்தில் இணையம் வேறு வடிவில் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. வில்லியனூர் நடுவ நிலையமாகச் செயல்பட்டது. அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பு வழியே பிற ஊர்களின் மையங்களுக்குச் செய்திகள் தமிழில் அனுப்பப்பட்டன. மையத்திற்கான இடத்தை ஊர் வழங்க வேண்டும், அது பொது இடமாக இருக்க வேண்டும், சாதி வேறுபாடின்றி அனைவரும் வந்து செல்ல வழியிருக்க வேண்டும் என்பன அடிப்படை நிபந்தனைகளாக இருந்தன. பெண்கள் பலர் இம்மையங்களின் தன்னார்வப் பொறுப்பாளர்களாகப் பணியாற்றினர். எம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்தில் இயங்கிய மையத்தைப் பெண்களே நடத்தினர்.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் நிகழ்ந்தது தனிக் கவனத்திற்குரியது. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து பெறப்பட்ட அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு, தமிழில் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் ஆணும் கரையில் காத்திருக்கும் பெண்ணும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்டனர். கணினியைத் தொடவோ எழுத்தறிந்திருக்கவோ எவரிடமும் இசைவு பெறவோ தேவையில்லை. இணைய அணுக்கம் என்பது தனிக் கருவியின் உடைமையாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

இதனையடுத்து 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' எனப்பட்ட நிலைத்த ஊரக இணைய அணுக்கத் திட்டம் தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பமும், அதனைச் சார்ந்து இயங்கிய என்-லாக் நிறுவனமும் இத்திட்டத்திற்கு அடித்தளமாயின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இதில் பங்கேற்றன. சாதி, வருமானம் முதலிய சான்றிதழ்களுக்கான விண்ணப்பம், கண் மருத்துவ ஆலோசனை, வேளாண் ஆலோசனை, கணினிப் பயிற்சி ஆகியன ஊரகக் கணினி மையங்கள் வழியே வழங்கப்பட்டன. வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் பலமுறை அலைவதற்கு மாற்றாக ஊரிலேயே விண்ணப்பிக்க முடிந்தது.

இத்திட்டத்தை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர், மையங்களைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் இளையோராகவும் ஆண்களாகவும் மாணவர்களாகவும் இருந்தமையைக் கண்டறிந்தனர். ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் வாழும் பகுதிக்கு அருகில் மையம் அமைந்த இடங்களில் அம்மக்களின் பயன்பாடு கூடியதையும் அவர்கள் சுட்டினர். எனவே, பொது இடம் என்பதாலேயே அது அனைவர்க்கும் பொதுவாகிவிடவில்லை. எந்தத் தெருவில் அமைந்தது என்பது பயனாளர் யார் என்பதை முடிவுசெய்தது. பின்னாளில் நிதி ஆதாரமும் நுட்ப ஆதரவும் குன்றியதால் மேலூர் மையங்கள் பல மூடப்பட்டன. ஆயினும் இக்கட்டத்தில் வாயிற்காவல் ஊரின் கையில் இருந்தது. அக்காவலை வெளிப்படையாகக் கேள்விக்குட்படுத்தவும் விதிகளால் திருத்தவும் முடிந்தது என்பதே இக்கட்டத்தின் தனிச்சிறப்பாகும்.

கடைவீதியில் இணையம்

1998 நவம்பரில் தனியார் இணையச் சேவை வழங்குநர்களுக்கு அரசு இசைவளித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலான நிறுவனங்கள் களமிறங்கின. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்டத் தலைநகரங்களிலும் வட்டத் தலைநகரங்களிலும் உலாவு மையங்கள் பெருகின. மக்கள் வழக்கில் இவை 'பிரௌசிங் சென்டர்' என்றே வழங்கப்பட்டன. மணிக்கணக்கில் கட்டணம், பலகைத் தடுப்புகளுக்கு இடையே கணினிகள், வாயிலில் பதிவேடு என்பன இவற்றின் பொது அமைப்பு.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் இணையத்தில் வெளியிடப்பட்டபோது இம்மையங்களின் வாயிலில் மாணவரும் பெற்றோரும் கூடினர். பதிவெண்ணை உள்ளிட்டு மதிப்பெண்ணை அச்சிட்டுத் தந்தவர் மைய உரிமையாளர். மின்னஞ்சல் முகவரி உருவாக்குதல், விண்ணப்பம் நிரப்புதல், வெளிநாட்டிலுள்ள மகனுடன் பெற்றோரைப் பேசவைத்தல் ஆகியவற்றையும் அவரே செய்தார். கடிதம் படித்துக் காட்டிய அண்டை வீட்டாரின் இடத்தை உலாவு மைய உரிமையாளர் எடுத்துக்கொண்டார் எனலாம்.

மொழியும் இக்கட்டத்தில் ஒரு தடையாக நின்றது. ஒவ்வொரு தமிழ் இதழும் தளமும் தனித்தனிக் குறியேற்றத்தைப் பயன்படுத்தியதால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கும் தாம், தாப் குறியேற்றங்களுக்கும் வழிவகுத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஆங்கிலம் அறிந்த பிள்ளையே வீட்டின் இணையத் தூதராகச் செயல்பட்டார். தந்தை அறியாததை மகன் அறிந்திருந்தமையால் வீட்டில் அறிவதிகாரம் வயதின் வழியிலிருந்து விலகத் தொடங்கியது.

அவ்வாறு தூதரானவர் மகளாக இருந்த இடங்கள் குறைவு. உலாவு மையம் ஆண்கள் கூடும் இடமாகக் கருதப்பட்டதும், தடுப்பறையின் தனிமை ஐயத்துடன் நோக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள். 2011இல் நடுவணரசு வெளியிட்ட இணைய மையங்களுக்கான வழிகாட்டு விதிகள் இந்த ஐயத்தைச் சட்ட வடிவில் காட்டுகின்றன. பயனாளர் அடையாளச் சான்று காட்ட வேண்டும், பயன்பாட்டுப் பதிவேடு ஓராண்டு காக்கப்பட வேண்டும், தடுப்பின் உயரம் நான்கரை அடிக்கு மிகக் கூடாது, வயது நிரம்பாதோர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வந்தாலன்றித் தடுப்பறைக் கணினியைப் பயன்படுத்தக் கூடாது என அவ்விதிகள் கூறின. பாதுகாப்பு என்னும் நோக்கம் இதில் இருந்தது. எனினும் கடைவீதி இணையத்தின் கட்டட அமைப்பிலேயே குடும்பக் கண்காணிப்பைப் பதித்தவையாகவும் இவ்விதிகளைக் காண முடியும்.

வீட்டினுள் இணையம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 3.1 விழுக்காட்டினரிடம் மட்டுமே இணைய இணைப்புடன் கூடிய கணினி இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் தலைமுறையாகக் கற்போர் உள்ள எண்ணற்ற வீடுகளுக்குள் முதல் கணினி இவ்வாறே நுழைந்தது.

இத்திட்டத்தின் வரலாற்று முதன்மை, கருவி யார் பெயரில் வழங்கப்பட்டது என்பதில் உள்ளது. குடும்ப அட்டை குடும்பத் தலைவர் பெயரில் அமைந்தது; நிலப் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்தது. மடிக்கணினியோ பதினேழு வயது மாணவியின் பெயரில் வழங்கப்பட்டது. வீட்டிலுள்ள விலையுயர்ந்த பொருள்களுள் ஒன்றுக்கு அவள் பதிவுபெற்ற உரிமையாளரானாள்.

பெயரளவு உரிமையும் நடைமுறைப் பயன்பாடும் வேறுபட்டன என்பதையும் கருத வேண்டும். மடிக்கணினியுடன் இணைய இணைப்பு வழங்கப்படவில்லை. இணைப்புக்கான மாதச் செலவு வீட்டு வருவாயைச் சார்ந்தது. அதனைத் தீர்மானித்தவர் வருவாய் ஈட்டுபவர். ஆகவே கருவி மாணவியுடையதாகவும் இணைப்பு தந்தையுடையதாகவும் பிரிந்தன. சில கருவிகள் விற்கப்பட்டதாகவும் அக்காலத்தில் செய்திகள் வெளிவந்தன. கல்விக்கான கருவி, வறுமையுற்ற வீட்டில் அவசரச் செலவுக்கான சொத்தாகவும் கருதப்பட்டதையே இது உணர்த்துகிறது.

கையில் இணையம்

2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ சேவை தொடங்கிய பின்னர் இந்தியாவில் தரவுக் கட்டணம் பெருமளவு வீழ்ந்தது. இணையம் கணினியை விட்டுத் திறன்பேசிக்குப் பெயர்ந்தது. உலாவு மையங்கள் நகலெடுக்கும் கடைகளாகவும் விண்ணப்பம் நிரப்பும் நிலையங்களாகவும் மாறின. இக்கட்டத்தில்தான் இணையம் தனிமனிதரின் உடைமையாயிற்று என்னும் கருத்து வலுப்பெற்றது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) தரவுகள் இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன. அகில இந்திய அளவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 54 விழுக்காட்டினர் தாமே பயன்படுத்தும் கைபேசியைக் கொண்டிருந்தனர். ஆனால் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காட்டினரே. ஆண்களில் இது 57.1 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குப் பெண்களிடம் தாமே பயன்படுத்தும் கைபேசி இருந்தது. எனினும் இணையத்தைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர். ஆண்களில் இது ஏறத்தாழ 70 விழுக்காடு.

கைபேசி உடைமைக்கும் இணையப் பயன்பாட்டிற்கும் இடையே உள்ள இவ்விடைவெளியை வருவாய்க் குறைவால் மட்டும் விளக்க இயலாது. ஒரே வீட்டில் ஒரே வருவாயில் வாழும் ஆணும் பெண்ணும் இவ்விடைவெளியின் இரு கரைகளில் நிற்கின்றனர். புதிய திறன்பேசி ஆணுக்கும், பழைய பொத்தான் கைபேசி பெண்ணுக்கும் எனப் பங்கிடப்படும் வழக்கம் இதில் பங்காற்றுகிறது. பேசுவதற்குரிய கைபேசி பெண்ணின் பாதுகாப்புக்கான பொருளாக ஏற்கப்பட்டது. தேடுவதற்கும் பார்ப்பதற்கும் உரிய திறன்பேசி ஐயத்திற்குரிய பொருளாகக் கருதப்பட்டது.

இந்த ஐயம் வீட்டோடு நின்றுவிடவில்லை. மாணவியர் விடுதிகள் தம்மைப் பெற்றோரின் இடத்தில் நிறுத்திக்கொண்டு கைபேசிக்கு நேர வரம்பு விதித்தன. அண்டை மாநிலமான கேரளத்தில் இத்தகைய விதியை ஏற்க மறுத்து விடுதியை இழந்த கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என அத்தீர்ப்பு கூறியது. இந்திய நீதிமன்றம் ஒன்று இணைய அணுக்கத்தை உரிமையாக ஏற்ற இவ்வழக்கு, பாதுகாவல் என்னும் பெயரிலான கட்டுப்பாட்டை எதிர்த்து எழுந்தது என்பது இக்கட்டுரையின் நோக்கில் குறிப்பிடத்தக்கது.

பெருந்தொற்றுக் காலமும் ஒரே கைபேசியும்

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது, மறைந்திருந்த இந்தப் பங்கீடு வெளிப்படையாயிற்று. வகுப்பறை திறன்பேசிக்குள் நுழைந்தது. ஒரே திறன்பேசி உள்ள வீட்டில் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் வகுப்பில் அமர வேண்டியிருந்தது. தந்தை வேலைக்குச் செல்லும்போது கைபேசியும் உடன் சென்றது. யாருடைய வகுப்பு முதன்மையானது என்னும் முடிவை ஒவ்வொரு வீடும் நாள்தோறும் எடுக்க நேர்ந்தது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு முதலிடம், மகனுக்கு முதலிடம் எனப் பல அளவுகோல்கள் இயங்கின. அதுவரை பள்ளி என்னும் பொது நிறுவனம் மறைத்திருந்த ஏற்றத்தாழ்வு, பள்ளி வீட்டினுள் புகுந்ததும் குடும்பத்தின் முடிவாக உருமாறியது.

அரசின் எதிர்வினைகள் இந்நிலையை அரசு உணர்ந்திருந்ததைக் காட்டுகின்றன. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சி தனிக் கருவியன்று, வீட்டின் பொதுப்பொருள். 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளைச் சேர்ந்த ஒன்பதரை லட்சத்திற்கும் மேற்பட்ட மாணாக்கர்க்கு நாள்தோறும் 2 ஜிபி தரவு விலையின்றி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. மடிக்கணினித் திட்டத்தில் விடுபட்ட இணைப்புச் செலவு பத்தாண்டுகளுக்குப் பின்னர் அரசின் பொறுப்பாக ஏற்கப்பட்ட தருணம் இது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்களைக் கொண்டு, கற்றலை மீண்டும் குடியிருப்பின் பொது இடத்திற்குக் கொண்டுவந்தது. தனித்தனித் திரைகளில் சிதறிய கற்றலை மீட்க, ஊர் என்னும் அலகே மீண்டும் தேவைப்பட்டது.

வாய்ப்பும் முடிவெடுத்தலும்

இணையம் குடும்பத்தின் முடிவெடுக்கும் முறையை மாற்றியது என்பதற்குப் பொறியியல் சேர்க்கை ஒரு சான்று. அண்ணா பல்கலைக்கழகம் 1997 முதல் நடத்திய ஒற்றைச் சாளரக் கலந்தாய்விற்கு மாணவரும் உடன் வருபவரும் சென்னை வந்தனர். அரசு அவ்விருவர்க்கும் பேருந்துக் கட்டணத்தில் சலுகை அளித்தது. உடன் வந்தவர் பெரும்பாலும் தந்தையாகவோ மாமனாகவோ அண்ணனாகவோ இருந்தார். திரையில் தெரியும் இடங்களைக் கண்டு, வளாகத்தில் சந்தித்த பிற குடும்பங்களிடம் கேட்டு, சில நிமிடங்களில் கல்லூரியைத் தேர்ந்தனர். 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியதும் பயணச் செலவும் அலைச்சலும் ஒழிந்தன. பல நாள் சிந்தித்து விருப்ப வரிசையை அமைக்கவும் மாற்றவும் மாணவர்க்கு வாய்ப்புக் கிடைத்தது. இது ஐயத்திற்கிடமற்ற நன்மை.

அதே வேளையில், ஒருமுறைக் கடவுச்சொல் என்னும் சிறிய நுட்பம் பெரிய விளைவுகளைக் கொண்டதாயிற்று. இணையவழி விண்ணப்பங்கள் பலவற்றில் பதிவு, திருத்தம், உறுதிப்படுத்தல் ஆகியவற்றிற்குப் பதிவுசெய்த கைபேசிக்கு வரும் அவ்வெண் தேவை. மாணவியிடம் தனிக் கைபேசி இல்லாத வீட்டில் பதிவுசெய்யப்பட்டது தந்தையின் அல்லது அண்ணனின் எண். 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளும் பள்ளியில் அளித்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன. தன் மதிப்பெண்ணைத் தனக்கு முன்பே வீட்டார் அறியும் நிலை சிலர்க்கு உருவானது. விருப்பம் அவளுடையதாயினும் அதனை உறுதிசெய்யும் எண் மற்றொருவர் கையில் ஒளிர்ந்தது.

திருமணத் தளங்கள் மற்றொரு சான்று. அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன் 1997இல் தமிழர்க்கான வலைத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அதன் மணமாலைப் பகுதி பெற்ற வரவேற்பே பின்னர் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. இத்தகைய தளங்களின் பதிவுப் படிவத்தில், இப்பதிவை உருவாக்குபவர் மணமக்களா, பெற்றோரா, உடன்பிறந்தாரா, உறவினரா என்னும் வினா இடம்பெற்றது. குடும்பமும் பயனாளரே என்பதை நிறுவனம் தன் வடிவமைப்பிலேயே ஏற்றுக்கொண்டது. தரகரின் பணி தளத்திற்கு மாறியது; சாதி, உட்பிரிவு, நட்சத்திரம் ஆகிய வடிகட்டிகள் அப்படியே தொடர்ந்தன. எனினும் பெற்றோர் தேர்ந்த வரனைப் பற்றித் தானும் தேடி அறியும் வாய்ப்பு பெண்ணுக்கு முதன்முறையாகக் கிட்டியது. அவளிடம் தேடுதற்குரிய கருவி இருந்தால் மட்டுமே அவ்வாய்ப்பு பொருளுடையதாயிற்று.

தொழில் வாய்ப்பில் குடும்பம் தடையாக மட்டுமன்றித் துணையாகவும் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் அவருடைய பேரன்களும் இணைந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைக் கடந்தது. சமையற்காரராகப் பணியாற்றிய முதியவரின் கைத்திறனும் இளையோரின் நுட்ப அறிவும் ஒரே குடும்பத்தில் இணைந்ததன் விளைவு அது. இணையம் தலைமுறைகளைப் பிரிக்கிறது என்னும் பொதுக்கூற்றுக்கு இது எதிர்ச்சான்று. வீட்டுச் சமையல் பெண்ணின் கடமையாக இருக்கும் சமூகத்தில் உலகறிந்த இச்சமையற் குழு ஆண்களால் ஆனது என்பதும் உடன் எண்ணத்தக்கது. வெட்டவெளியில் கருவியை நிறுத்திப் பதிவுசெய்யும் உரிமை யாரிடம் இயல்பாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

1995 முதல் 2021 வரையிலான காலத்தில் இணையம் ஊரிலிருந்து கடைவீதிக்கும், அங்கிருந்து வீட்டிற்கும், பின்னர்க் கைக்கும் பெயர்ந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஒவ்வோர் இடத்திலும் வாயிற்காவலர் ஒருவர் இருந்தார். ஊர் மையத்தில் அது ஊரின் சாதியொழுங்காகவும், கடைவீதியில் உரிமையாளரின் பதிவேடாகவும், வீட்டில் வருவாய் ஈட்டுபவரின் முடிவாகவும், கைபேசியில் ஆண் உறவினரின் எண்ணாகவும் வடிவெடுத்தது. இடம் சுருங்கியபோது காவல் மறையவில்லை. பிறர் கண்ணுக்குப் புலப்படாததாயிற்று.

இரண்டாவதாக, புலப்படும் காவலைப் பொது விதியால் திருத்த முடிந்தது. புதுச்சேரியில் சாதி வேறுபாடின்றி மையத்தைத் திறக்க நிபந்தனை விதிக்க முடிந்தது. வீட்டினுள் நிகழும் பங்கீட்டிற்கு அத்தகைய நிபந்தனை விதிக்க இயலாது. ஆகவே, பொதுமையங்களைப் பழைய தொழில்நுட்பத்தின் எச்சமாகக் கருதுவது பொருந்தாது. வீட்டில் கருவி மறுக்கப்பட்டவர்க்கு நூலகமும் பள்ளியும் மகளிர் நடத்தும் மையமும் இன்றும் மாற்று வாயில்களாக அமையக்கூடும்.

மூன்றாவதாக, குடும்பத்தைத் தடையாக மட்டும் சித்திரிப்பது முழு உண்மையாகாது. தம் செலவைச் சுருக்கிப் பிள்ளைக்குத் திறன்பேசி வாங்கித் தந்த பெற்றோரும், கைத்திறனைப் பேரன்களுடன் பகிர்ந்த முதியவரும் இதே வரலாற்றில் இடம்பெறுகின்றனர். குடும்பம் இணைய வாய்ப்பைத் தரவும் மறுக்கவும் வல்ல நிறுவனம் என்பதால், அணுக்கத்தை அளவிடும் ஆய்வுகள் குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்வதோடு நின்றுவிடலாகாது. ஒரு வீட்டில் இணையம் உள்ளதா என்னும் வினாவோடு, அவ்வீட்டில் யாரிடம், எந்த நேரத்தில், யாருடைய இசைவுடன் உள்ளது என்னும் வினாவும் கேட்கப்பட வேண்டும். அவ்வாறு கேட்கும்போதுதான், புள்ளிவிவரத்தில் இணைப்புடையதாகக் கணக்கிடப்படும் வீட்டினுள் இணைப்பின்றி வாழும் பெண்ணின் நிலை வரலாற்றில் பதிவுபெறும்.